டூர் நோட்டு போடுவது எப்படி: ஆட்டம் ஆஸ்திரேலியாவில், ஸ்கோர் திருவல்லிக்கேணியில்

முதலில் நோட்டு. 192 பக்கம், லாங் சைஸ், கோடு போட்டது, அட்டை கெட்டியாக இருக்க வேண்டும். நம் இந்திய கிரிக்கெட் அணி வெளிநாட்டு டூர் போனால், ஸ்கோர் எழுதுகிற அந்த நோட்டு இரண்டு மாதம் மடியிலும் சமையல் மேடையிலும் கடைக் கல்லாப்பெட்டி மேலும் கிடக்கும். மெல்லிய அட்டை மூன்றாவது ஆட்டத்துக்குள் காது மடிந்துவிடும். திருவல்லிக்கேணியில் பெரிய தெருவை ஒட்டிய சந்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் விற்கிறேன். இருபது வருஷமாகத் தாள் தொட்ட கையின் அனுபவம் இது.

பேனா பால்பாயிண்ட்டாகத்தான் இருக்க வேண்டும். ஜெல் பேனா, மை பேனா இரண்டும் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஜாபர்கான்பேட்டையில் அக்கா வீட்டுக்குள் வந்தபோது, அப்பாவின் பழைய டூர் நோட்டுகள் அங்கே கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் எடுத்துக் கயிற்றில் காயப்போட்டோம். மை பேனாவால் எழுதியவை எல்லாம் நீலத் துணி மாதிரி ஆகிவிட்டன, ஒரு எழுத்து மிச்சமில்லை. பால்பாயிண்ட்டால் எழுதியவற்றை இன்றும் படிக்கலாம். அப்படித் தப்பியதுதான் 2006-07 தென்னாப்பிரிக்கா டூர் நோட்டு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நீலப் பேனா ஒன்று, விக்கெட்டுக்குச் சிவப்பு ஒன்று, ஹெச்பி பென்சில் ஒன்று, அடிஸ்கேல் ஒன்று. நான் கண்டிப்பாக வைத்திருக்கிற விதி ஒன்று உண்டு. நேரில் பார்த்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ எழுதினால் பேனா. பிறகு போனில் பார்த்து நிரப்பினால் பென்சில். இரண்டையும் கலக்காதீர்கள். வருஷம் கழித்துப் புரட்டும்போது நீங்கள் எங்கே விழித்திருந்தீர்கள், எங்கே தூங்கிப்போனீர்கள் என்பது அந்த நிறத்தில்தான் தெரியும்.

எல்லா ஸ்கோரும் போனிலேயே இருக்கும்போது நோட்டு எதற்கு என்று மாடி வீட்டுப் பையன் கேட்டான். எட்டாம் வகுப்பு படிக்கிறான், மாலையில் கடைக்கு வந்து உட்காருவான். நியாயமான கேள்விதான். போனில் ஒன் டே தொடர் ஒரு இடத்தில் இருக்கும், டி20 இன்னொரு இடத்தில், டெஸ்ட் வேறொரு இடத்தில். மூன்றும் மூன்று கதை மாதிரித் தெரியும். ஆனால் போனது ஒரே அணி. ஒன் டேயில் அடி வாங்கிய பந்துவீச்சாளர்தான் அடுத்த வாரம் டி20யில் வருகிறார், டி20யில் தலையில் அடிபட்டவர்தான் டெஸ்ட்டில் பேட்டைத் தூக்குகிறார். அந்தத் தொடர்ச்சி ஆட்டவாரியான ஸ்கோர்கார்டில் கிடைக்காது. அதனால்தான் என் நோட்டில் முதலில் ஆட்களுக்குப் பக்கம் ஒதுக்குவேன், அப்புறம்தான் ஆட்டங்களுக்கு.

பக்கக் கணக்கு இப்படி. முதல் பக்கம் அட்டவணை. அடுத்த இரண்டு பக்கத்துக்கு ‘யார் இல்லை’ என்று தலைப்பு. பிறகு ஆளுக்கு இரண்டு பக்கமாக இருபத்தைந்து பேருக்கு ஐம்பது பக்கம். மூன்று ஒன் டே, மூன்று டி20, நான்கு டெஸ்ட் கொண்ட டூர் என்றால், ஒன் டேக்கு நான்கு பக்கம், டி20க்கு இரண்டு, டெஸ்ட்டுக்கு இருபது. மொத்தம் நூற்றைம்பது சொச்சம் வரும். மீதியைக் கடைசியில் வெறுமையாக விடுங்கள், தேவைப்படும்.

முதல் பக்கத்து அட்டவணையில் அந்த ஊர் நேரத்தை எழுதாதீர்கள், நம் நேரத்தை எழுதுங்கள். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே நேரம் ஊருக்கு ஊர் மாறும், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. கோடையில் சிட்னி, மெல்போர்ன், கான்பெரா நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அடிலெய்ட் ஐந்து மணி. பிரிஸ்பேனில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் நாலரை மணி. பெர்த் இரண்டரை மணிதான். மெல்போர்ன் டெஸ்ட் காலை 10:30க்குத் தொடங்கினால் நமக்கு விடியற்காலை 5:00. பெர்த்தில் 10:20 என்றால் நமக்கு 7:50, பால் வாங்கி வந்து காபி போட்டுக்கொண்டே பார்க்கலாம். 2020-21 டூரில் சிட்னி ஒன் டே நமக்குக் காலை 9:10க்கு, கான்பெரா டி20 மதியம் 1:40க்கு. ஒரே டூர் என் நாளை மூன்று விதமாக வெட்டியது. ஒன் டே கடை திறக்கிற நேரத்தில், டி20 சாப்பாட்டு நேரத்தில், டெஸ்ட் பெரும்பாலும் கடை திறப்பதற்கு முன்னால். எதற்கு எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் அட்டவணையிலேயே குறித்துவிடுங்கள்.

இங்கிலாந்து சுலபம். டெஸ்ட் நமக்கு மாலை 3:30க்குத் தொடங்கும். தென்னாப்பிரிக்கா மதியம். வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் இரவு 7:30 வாக்கில் தொடங்கி நள்ளிரவு தாண்டும், முதல் இரண்டு செஷன் (டெஸ்ட்டில் ஒரு நாளுக்கு மூன்று செஷன்) எழுதினாலே பெரிய விஷயம். நியூசிலாந்துதான் கடினம், அதிகாலை 3:30, 4:00 மணி ஆகும்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாதான். அங்கே டெஸ்ட் நடப்பது நம் மார்கழியில். டிசம்பர் 26, மெல்போர்ன், விடியற்காலை 5:00. பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வரும், வாசலில் யாரோ தண்ணீர் தெளிக்கிற சத்தம் வரும், நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து முதல் ஓவருக்குக் கட்டம் போடுவேன். அப்பா இருந்தவரை ஒரே சால்வைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அவர் பந்தைச் சொல்வார், நான் குறிப்பேன்.

ஆள் பக்கம் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு பக்கத்தையே காட்டுகிறேன். 2020-21 நோட்டில் நடராஜனுக்கு முதலில் பக்கமே இல்லை. சேலத்துச் சின்னப்பம்பட்டிக்காரர், வலைப்பயிற்சியில் பந்து போடக் கூட்டிப்போனவர். வலைப் பந்துவீச்சாளர்களுக்கு எதற்குப் பக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு கடைசியில் வெறுமையாக விட்டிருந்த தாளில் அவர் பெயரை எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

டிசம்பர் 2, கான்பெரா, ஒன் டே. முதல் ஆட்டம். 70 ரன்னுக்கு 2 விக்கெட். முதல் விக்கெட் லபுஷேன், போல்டு.
டிசம்பர் 4, கான்பெரா, டி20. முதல் ஆட்டம். 30க்கு 3. (வெளியே புரெவி புயல் மழை, இரண்டு தடவை கரண்ட் போனது. இடையில் பென்சில்.)
டிசம்பர் 6, சிட்னி, டி20. 20க்கு 2.
டிசம்பர் 8, சிட்னி, டி20. 33க்கு 1.
ஜனவரி 15, பிரிஸ்பேன், டெஸ்ட். முதல் ஆட்டம். முதல் இன்னிங்ஸில் 78க்கு 3.

இந்த ஐந்து வரியையும் மூன்று தொடராகப் பிரித்துப் போட்டால் மூன்று சாதாரண வரிகள் ஆகிவிடும். ஒன்றாகப் பார்த்தால்தான், ஒரே டூரில் மூன்று வகையிலும் முதல் ஆட்டம் ஆடிய முதல் இந்தியர் என்பது கண்ணில் படும். நோட்டில் டிசம்பர் 8க்கும் ஜனவரி 15க்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அதுதான் அவர் காத்திருந்த காலம். அப்படி இடைவெளி வந்தால் வெறும் கோட்டை விடுங்கள், அடைக்காதீர்கள். பிரிஸ்பேன் டெஸ்ட் தொடங்கிய அன்று நமக்கு மாட்டுப் பொங்கல். கடை விடுமுறை, அதனால் அந்த நாள் முழுக்க நீலப் பேனா.

அவரோடு அதே டெஸ்ட்டில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தரும் அப்படித்தான். டி20க்குப் போனவரை வலைப்பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். அவர் பக்கத்தில் டி20 மூன்றும், அதன்பின் வெறும் கோடும், அப்புறம் திடீரென்று பிரிஸ்பேனில் மூன்று விக்கெட்டும் 62 ரன்னும். இந்தியா 186க்கு 6 என்று நின்றபோது ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன் எடுத்தார். வாஷிங்டன் என்ற பெயர், அவர் அப்பாவுக்குச் சின்ன வயதில் படிப்புக்கும் கிரிக்கெட்டுக்கும் உதவிய முன்னாள் ராணுவக்காரருடையது. அவர் வாழ்ந்ததும் எங்கள் திருவல்லிக்கேணிதான். இது மாதிரி விஷயங்களையும் ஆள் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

‘யார் இல்லை’ பக்கத்துக்கு வருகிறேன். இதை நான் 2018க்குப் பிறகு, அப்பா இல்லாமல் தனியாக எழுதத் தொடங்கிய பிறகுதான் சேர்த்தேன். யார் எந்தத் தேதியில் எதனால் வெளியே போனார், அவர் இடத்தில் யார் வந்தார் என்று இரண்டு பத்தியில் எழுதினால் போதும். அந்த டூரில் ஜடேஜா கான்பெரா டி20யில் ஹெல்மெட்டில் அடிபட்டுப் போக, மாற்று வீரராக வந்த சாஹல் 25க்கு 3 எடுத்து ஆட்ட நாயகனே ஆனார். அடிலெய்ட் டெஸ்ட்டில் ஷமிக்குக் கையில் அடி. கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பினார். மெல்போர்னில் உமேஷ். சிட்னியில் விஹாரி, ஜடேஜா, அதன்பின் பும்ரா, அஷ்வின். இரண்டு பக்கம் போதாமல் மூன்றாவது பக்கம் ஒட்டினேன். நான்கு டெஸ்ட்டுக்கு 20 பேர் ஆடினார்கள். கில், சிராஜ், சைனி, நடராஜன், சுந்தர் என்று ஐந்து பேர் அந்தத் தொடரில்தான் டெஸ்ட்டுக்குள் நுழைந்தார்கள். இந்தப் பக்கம் இல்லாமல் அந்தத் தொடரைப் புரிந்துகொள்ள முடியாது.

இனி ஆட்டப் பக்கங்கள். குறியீடு எல்லோருக்கும் பொதுதான். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ரன் எடுத்தால் எண், வைடுக்குக் கூட்டல் குறி, நோ பாலுக்கு வட்டம், பை ரன்னுக்கு (பேட்டில் படாமல் ஓடியது) முக்கோணம், லெக் பை ரன்னுக்கு (உடம்பில் பட்டு ஓடியது) தலைகீழ் முக்கோணம், விக்கெட்டுக்குச் சிவப்பில் டபிள்யூ. பந்துவீச்சாளர் பக்கத்தில் ஓவருக்கு ஒரு கட்டம். ஆறு பந்தையும் மூன்று மூன்றாக இரண்டு நெட்டு வரிசையில் வையுங்கள். ஆறும் புள்ளியாக வந்தால் கோட்டால் இணைத்து எம் போடலாம், அது மெய்டன். விக்கெட் விழுந்த மெய்டன் என்றால் டபிள்யூவாக இணையுங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் இணைக்கிற கோடு புள்ளியை மூடிவிடும், ஒரு சென்டிமீட்டராவது வேண்டும்.

டி20யில் 120 பந்தையும் எழுதுங்கள், அது முடிகிற காரியம். ஆறாவது ஓவர் முடிந்ததும் ஒரு தடித்த கோடு, பவர்பிளே அங்கே முடிகிறது. ஒன் டேயில் எல்லாப் பந்தையும் எழுத உட்கார்ந்தால் கடையில் வியாபாரம் ஆகாது. நான் ஓவருக்கு ஒரு எண் மட்டும் எழுதுவேன். 10, 40 ஆகிய ஓவர்களில் கோடு போட்டு, அந்த மூன்று துண்டுக்கும் தனித்தனியாக ரன்னும் விக்கெட்டும். டெஸ்ட்டில் செஷன்தான் கணக்கு. நாளைக்கு 90 ஓவர், மூன்று செஷன், செஷனுக்கு ஒரு பக்கம், நான்காவது பக்கம் இரவில் யோசித்து எழுத. 80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து கிடைக்கும், அங்கே சிவப்பில் ஒரு கோடு.

பந்தையும் தலைப்பில் குறியுங்கள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்தில் கூக்கபுரா. இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் டியூக்ஸ். நம் ஊரில் எஸ்ஜி. டியூக்ஸ் முழுக்கக் கையால் தைத்தது, தையல் ரொம்ப நேரம் எழும்பி நிற்கும். கூக்கபுராவில் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும், அதனால் அங்கே டெஸ்ட்டில் முதல் இருபது ஓவரை விடாமல் எழுதுங்கள். தொடக்கத்தைப் பிடிக்க முடியாவிட்டால், இங்கிலாந்தில் மூன்றாவது மணி நேரத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் முதல் மணி நேரத்தை விட்டால் பாதிக் கதை போய்விடும்.

மோசமான நாளையும் அதே அளவு கட்டத்தில் எழுதுங்கள். 2020 டிசம்பர் 19, அடிலெய்ட், பகலிரவு டெஸ்ட். 36 ரன்னில் இந்திய இன்னிங்ஸ் முடிந்தது. ஒருவர்கூட இரட்டை இலக்கம் தொடவில்லை, ஹேசல்வுட் 8 ரன்னுக்கு 5 விக்கெட். அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. மீதிப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிடக் கை துறுதுறுத்தது, செய்யவில்லை. அந்த வெற்று அரைப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் மெல்போர்ன் தொடங்குகிறது. ரஹானே 112.

புள்ளி வைக்க ஏன் சலிக்கக் கூடாது என்பதற்குச் சிட்னி கடைசி நாள், 2021 ஜனவரி 11. இலக்கு 407. பந்த் 97, புஜாரா 77, இருவரும் போனபின் ஐந்து விக்கெட் இழந்து நிற்கிறோம். தொடைத் தசை கிழிந்த விஹாரியும் முதுகு வலியில் குனியவே முடியாத அஷ்வினும் களத்தில். அன்று கடையைத் திறந்தேன், ஆனால் ஜெராக்ஸ் மிஷினை ஆன் செய்யவில்லை. ஆதார் நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர், டிவியைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புள்ளி. புள்ளி. புள்ளி. ஸ்டம்ப் மைக்கில் அஷ்வின் விஹாரியிடம் தமிழில் பேசுவது கேட்டது. நான் ஒரு பக்கம் முடித்துத் திருப்பும்போது பெரியவர், “இரும்மா, பந்து போடப்போறான்” என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். 42 ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஷ்வின் 128 பந்தில் 39, இந்தியா 334க்கு 5, டிரா. விஹாரியின் வரிசையில் மட்டும் குறைந்தது 138 புள்ளி. போனில் பார்த்தால் அது ‘23 நாட் அவுட்’ என்ற இரண்டு வார்த்தை, ஒரு எண். என் நோட்டில் அது இரண்டரைப் பக்கம். ரீஃபில் நடுவில் தீர்ந்து, கடைசிப் பத்து ஓவர் வேறு நீலத்தில் இருக்கிறது.

மாடிப் பையன், “ஒண்ணுமே நடக்காத பாலுக்கு எதுக்குக்கா புள்ளி?” என்று கேட்டபோது இந்த இரண்டரைப் பக்கத்தை அவன் முன்னால் விரித்து வைத்து, எண்ணச் சொன்னேன். பாதியில் விரலை எடுத்துவிட்டு, தனக்கும் ஒரு நோட்டு வேண்டும் என்றான்.

தப்பிய அந்த 2006-07 தென்னாப்பிரிக்கா நோட்டு. இந்தியா ஆடிய முதல் சர்வதேச டி20 அந்த டூரில்தான் நடந்தது, 2006 டிசம்பர் 1, ஜோஹன்னஸ்பர்க். அப்பாவிடம் அதற்கென்று பக்க அமைப்பு கிடையாது. ஒன் டே தாளில் ‘50’ என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘20’ என்று போட்டிருக்கிறார். ஆட்ட நாயகன் தினேஷ் கார்த்திக், 31 நாட் அவுட். அந்தப் பெயருக்கு அடியில் இரண்டு கோடு. ஒன் டேயில் 0-4 என்று தோற்று, நடுவில் அந்த டி20யை மட்டும் வென்று, ஜோஹன்னஸ்பர்க்கில் அந்த நாட்டில் நமக்கு முதல் டெஸ்ட் வெற்றியும் கிடைத்து, அதன்பின் தொடரை 1-2 என இழந்தோம். கார்த்திக்கின் ஆள் பக்கத்தில், மூன்றாவது டெஸ்ட்டில் தொடக்க ஆட்டக்காரராக எடுத்த 63ம் இருக்கிறது. அப்பாவும் ஆட்களுக்குத்தான் முதலில் பக்கம் போட்டார். அவரிடமிருந்துதான் நானும் கற்றுக்கொண்டேன்.

டூர் முடிந்த வாரத்துக்குள் மூன்று வேலை செய்துவிடுங்கள். அட்டையின் முதுகில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி நாடும் வருஷமும் எழுதுங்கள். பக்க எண் போட்டு, ஆட்களின் பெயருக்கு எதிரே அந்த எண்ணை முதல் பக்கத்தில் குறியுங்கள். பிறகு ஜிப் வைத்த கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரணில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் ஒரு தடவை இறக்கி வெயிலில் காட்டினால் பூச்சி அண்டாது.

அடுத்த நோட்டில் வலைப் பந்துவீச்சாளர்களுக்கும் முதலிலேயே ஆளுக்கு ஒரு பக்கம் விடுங்கள்.